மணிமங்கலத்துப் பெண்கள் எங்கே போனார்கள்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சரித்திரக் கதைகளில் பெண்கள் பற்றி நாற்பது நிமிஷம் பேசுங்க, அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பசித்த கூட்டத்தின் முன்னால் நீளமாகப் பேசுவது பாவம். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சரித்திரக் கதை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தஞ்சாவூர், பழையாறை, மாமல்லபுரம், இல்லையென்றால் கடல் தாண்டிக் கடாரம். ஒரகடத்தையும் படப்பையையும் யாரும் நினைப்பதில்லை. இங்கே என்ன இருக்கிறது? கார் கம்பெனி, லாரி கம்பெனி, செல்போன் கம்பெனி, அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு நம் வட்டாரத்துக்குப் புதுச் சரித்திரம் தொடங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஒரகடத்திலிருந்து தாம்பரம் போகிற பஸ்ஸில் ஏறிப் படப்பையில் இறங்குங்கள். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் மணிமங்கலம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய போர்களில் ஒன்று நடந்த இடம் அது.

முதுகில் எழுதிய வெற்றி

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரம் கிராமத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு. முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவனுடைய பாட்டன் முதலாம் நரசிம்மவர்மன், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் சாளுக்கிய மன்னன் புலிகேசியைத் தோற்கடித்தான் என்று அந்தச் செப்பேடு சொல்கிறது. எப்படிச் சொல்கிறது தெரியுமா? தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே ஓர் ஏடாக வைத்து, அதில் வெற்றி என்ற சொல்லை நரசிம்மன் எழுதினானாம். எழுதிய புலவருக்கு நல்ல கற்பனைதான்.

அதே செப்பேட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூரத்து மண்டபத்தில் மகாபாரதம் படித்துச் சொல்வதற்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஊராருக்குக் கதை சொல்வதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள். கதைக்கு இங்கே அவ்வளவு மரியாதை இருந்தது.

இப்போது என் கேள்வி. மணிமங்கலத்தில் படைகள் மோதிய அன்று, அந்த ஊரில் அடுப்பெரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கே போனார்கள்? விதை நெல்லை எங்கே ஒளித்தார்கள்? மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள்? போர் முடிந்து திரும்பி வந்தபோது வீடு இருந்ததா? செப்பேட்டில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அரசனின் முதுகில் எழுத இடம் இருந்தது, ஊர்ப் பெண்ணைப் பற்றி எழுத இடமில்லை. இந்த இடைவெளியைத்தான் கதை நிரப்ப வேண்டும். என் பேச்சின் மையம் இவ்வளவுதான்.

கல்கி திறந்த கதவு

கல்கி இந்த வேலையைத் தொடங்கிவைத்தார். 1944 முதல் 1946 வரை வாரா வாரம் அவர் எழுதிய சிவகாமியின் சபதம் இந்தப் பல்லவ சாளுக்கியப் போரைப் பற்றியதுதான். அதன் நடுநாயகமாக அவர் வைத்தது அரசனை அல்ல, ஆயனச் சிற்பியின் மகளை. சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குப் போகிறாள். அவளோடு ஆயிரக்கணக்கான குடிமக்களும் கைதிகளாகப் போகிறார்கள். அவர்கள் மீது விழும் சாட்டையடியை நிறுத்துவதற்காக அவள் வாதாபியின் நாற்சந்தியில் ஆடுகிறாள். போரில் சிக்கிய ஒரு பெண் தன் கலையைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறாள். அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண் கலங்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. கடைசியில் காஞ்சிக்குத் திரும்பி வரும்போது மாமல்லருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைத்துவிடுகிறாள்.

1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனில் குந்தவையும் நந்தினியும் பூங்குழலியும் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. 2022, 2023ஆம் ஆண்டுகளில் படமாக வந்தபோது, புத்தகமே தொடாத பிள்ளைகள்கூட "குந்தவையா, நந்தினியா" என்று கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். சந்தோஷம்.

ஆனாலும் ஒன்று கவனியுங்கள். குந்தவை இளவரசி. நந்தினி பழுவேட்டரையரின் மனைவி. ஓடம் விடுகிற பூங்குழலிகூட முடிவில் சோழ அரசியாகிவிடுகிறாள். கல்கிக்குப் பின்னால் வந்த பலரும் இந்த அரண்மனைப் பாதையிலேயே போனார்கள். பட்டுச் சேலை, நிலவறை, ஒற்றன், வாள் வீச்சு. நெல் குத்துகிறவளும் நூல் நூற்கிறவளும் ஆடு மேய்க்கிறவளும் கதைக்கு உள்ளே வந்தால், செய்தி சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். கல்கி கதவைத் திறந்தார், நாம் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

அதே நூற்றாண்டு, வேறு தேசம்

இதே ஏழாம் நூற்றாண்டில் பிரிட்டன் தீவு எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். ரோமானியர் போய்விட்டார்கள். நாடு சின்னச் சின்ன அரசுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். அங்கே 614இல் பிறந்த ஹில்டா என்ற பெண், பின்னாளில் விட்பி என்று பெயர் பெற்ற கடற்கரை ஊரில் மடாலயம் அமைத்து அதற்குத் தலைவியாக இருந்தார். 664இல் அந்நாட்டுத் திருச்சபையின் முக்கியமான மாநாடு அவர் மடத்தில்தான் கூடியது. மாடு மேய்த்த கேட்மன் என்பவர் கவிஞரானதும் அங்கேதான். நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது 642 என்று வைத்துக்கொண்டால், ஹில்டாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

ஹில்டாவைப் பற்றி எழுதி வைத்தவர் பீட் என்ற துறவி. 731இல் முடித்த திருச்சபை வரலாற்றில் அவர் சொல்கிறார். ஹில்டா வாழ்ந்தது அறுபத்தாறு ஆண்டு. அதில் முதல் முப்பத்து மூன்று ஆண்டு உலக வாழ்க்கை, அடுத்த முப்பத்து மூன்று துறவு. துறவு வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொன்னவர், முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. நிக்கோலா கிரிஃபித் என்ற எழுத்தாளர் அந்த மௌனத்துக்குள் புகுந்தார். 2013இல் ஹில்ட், 2023இல் மென்வுட் என்று இரண்டு பெரிய நாவல்கள். அவற்றில் போர் உண்டு, சூழ்ச்சி உண்டு. ஆனால் அதைவிட அதிகமாகப் பால் கறப்பதும், கம்பளி நூற்பதும், தறியில் நெய்வதும் உண்டு. இரண்டு பெண்கள் தறியிலும் வாழ்விலும் இணை சேர்ந்து, ஆயுள் முழுக்க ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஓர் உறவை அவர் காட்டுகிறார். ஆண்கள் போருக்குப் போய்விட்ட ஊரில் பெண்கள் பிழைப்பது இந்தத் துணையினால்தான்.

ரெபெக்கா ஸ்டாட் என்பவர் 2022இல் டார்க் எர்த் என்று ஒரு நாவல் எழுதினார். லண்டனில் பில்லிங்ஸ்கேட் என்ற இடத்தில், ரோமானியர் காலக் குளியல் கட்டடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, பின்னாளில் வந்த சாக்சன் பெண்ணொருத்தியின் உடை ஊசி கிடைத்தது. இடிந்துபோன கட்டடத்துக்குள் அவள் ஏன் வந்தாள்? அந்த ஒரு ஊசியை நூலாக்கி அவர் கதை நெய்தார். கொல்லன் ஒருவனின் இரண்டு மகள்கள். பெண்கள் உலைக்களத்தில் கை வைக்கக் கூடாது என்ற காலத்தில் அக்காள் அந்தத் தொழிலை ரகசியமாகக் கற்றிருக்கிறாள். அப்பன் செத்தபின் இருவரும் பாழடைந்த லண்டனுக்குள் ஒளிந்து பிழைக்கிறார்கள்.

ஒரு ஊசிக்கு ஒரு நாவல்! நம் வட்டாரத்தில் எத்தனை ஊசிகள் கிடக்கின்றன என்று இனிப் பார்ப்போம்.

குன்றத்தூர்க்காரர் சொன்ன இரண்டு பெண்கள்

நம் பக்கத்து ஊர் குன்றத்தூர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். அவர் தமக்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டு முந்திய அடியார்களின் வாழ்க்கையைத் திரட்டி எழுதினார். பக்தி நூலாகவே நாம் அதைப் படிக்கிறோம், அது சரிதான். ஆனால் பிழைத்த பெண்களின் கதையாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

திருவாமூரில் திலகவதி. பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் பேசுகிறார்கள். அவர் அரசன் ஆணைப்படி போருக்குப் போகிறார். இங்கே அப்பா இறந்துபோகிறார், அம்மாவும் இறந்துபோகிறார். கொஞ்ச நாளில், நிச்சயித்தவர் போர்க்களத்தில் மாண்ட செய்தி வருகிறது. திலகவதி உயிரை விடத் துணிகிறாள். தம்பி காலில் விழுந்து, "நீ போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன்" என்று அழுகிறான். அந்தத் தம்பிக்காக அவள் உயிரோடு இருக்கச் சம்மதிக்கிறாள். அந்தத் தம்பிதான் பிற்காலத்துத் திருநாவுக்கரசர்.

அவள் அன்று செத்திருந்தால் நமக்குத் தேவாரத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்காது. நாவுக்கரசரை நாம் மகேந்திர பல்லவன் காலத்தவர் என்று படிக்கிறோம், அக்காவைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? பெற்றோர் இல்லை, கணவன் இல்லை, சின்னத் தம்பி ஒருவன். நிலத்தை யார் உழுதார்கள்? களத்து மேட்டில் யார் நின்று நெல் அளந்தார்கள்? "சொந்தக்காரங்க" என்று வந்தவர்கள் எத்தனை பேர்? தம்பி சமணம் தழுவிப் போன பிறகு, திருவதிகைக் கோயிலில் வாசல் பெருக்கி, சாணம் மெழுகி, பூத்தொடுத்துத் தனியாக இருந்த ஆண்டுகள் எத்தனை? சூலை நோயோடு தம்பி இரவில் வந்து நின்றபோது அவள் முகத்தில் முதலில் வந்தது கோபமா, அழுகையா? சேக்கிழார் நமக்காக இடம் விட்டு வைத்திருக்கிறார். ஹில்டாவின் முப்பத்து மூன்று ஆண்டு போல, இது திலகவதியின் மௌன ஆண்டுகள்.

இன்னொருவர் காரைக்கால் அம்மையார். ஆறாம் நூற்றாண்டினர் என்பார்கள். பெயர் புனிதவதி. மாம்பழ அற்புதத்தைக் கண்டு பயந்துபோன கணவன் பரமதத்தன், கப்பல் ஏறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். உறவினர்கள் அவளை அழைத்துக்கொண்டு அங்கே போனால், அவன் மனைவி மகளோடு வந்து இவள் காலில் விழுகிறான். அப்போது அவள் இந்த அழகை, இந்தச் சதையை எடுத்துக்கொள் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெறுகிறாள். முடிவில் அவர் சேர்ந்த இடம் திருவாலங்காடு. நமக்கு அரக்கோணம் பக்கம்தான்.

பேயுருவம் ஏன்? பக்தர்கள் ஒரு பொருள் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இன்னொன்றும் தோன்றும். காரைக்காலிலிருந்து திருவாலங்காடு வரை தனியாக ஒரு பெண் நடக்க வேண்டுமென்றால், ஆண்களின் கண்ணிலிருந்து அவளைக் காப்பாற்ற அந்த உருவம் ஒன்றுதான் போதுமானதாக இருந்திருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கும் பிள்ளைகளைக் கேட்டால், அம்மையாரின் வேண்டுதல் அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கல்லில் இருக்கும் பெயர்கள்

அடுத்து கல்வெட்டு. கல்வெட்டு என்றால் அரசன் மெய்க்கீர்த்தி என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் பெயர் பெற்றது உத்திரமேரூர்க் கல்வெட்டு. பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. முப்பது குடும்பு, குடவோலை, வயது, நிலம், சொந்த மனை என்று எல்லாத் தகுதியும் சொல்கிறது. அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை. ஆனால் பக்கத்துச் சுவர்களைப் படித்தால் பெண்கள் வரத் தொடங்குகிறார்கள்.

காஞ்சி கைலாசநாதர் கோயில் முகப்பில் வரிசையாகச் சின்னச் சன்னதிகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை எடுப்பித்தவள் ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை. அவள் பெயர் அங்கேயே இருக்கிறது. அரசிகளிலேயே இரண்டு வழி உண்டு. சுந்தர சோழன் இறந்தபோது, பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு உடன் உயிர் விட்டாள் வானவன்மாதேவி. அவள் காலத்தவரே செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் போன பிறகு சுமார் நாற்பது ஆண்டு உயிரோடிருந்து, செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக மாற்றினார். திருக்கோடிகாவல் கோயிலை இடித்துக் கட்டும்போது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை அழியவிடாமல் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார்கள். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

அரசிகளை விட்டுக் கீழே வருவோம். கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிய வேண்டுமென்றால் சோழர் காலத்தில் பொதுவாகத் தொண்ணூறு ஆடு கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள். சாவதுமில்லை, கிழடாவதுமில்லை. அதாவது ஒன்று போனால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மழை, பஞ்சம், ஆட்டுக்கு நோய், எதுவும் சாக்கு இல்லை. கல்வெட்டு விளக்கு வைத்தவர் பெயரைச் சொல்கிறது, ஆடு வாங்கியவர் பெயரையும் சில இடத்தில் சொல்கிறது. விடியலில் எழுந்து தயிர் கடைந்து அந்த உழக்கு நெய்யைத் திரட்டியவள் பெயர் இல்லை. தினமும் இவ்வளவு உருப்படி என்று கணக்கு வைத்து வேலை வாங்குவது நம் தொழிற்பேட்டையில் கண்டுபிடித்த புதுமை என்று யாராவது நினைத்தால், அந்த உழக்கை நினைத்துக்கொள்ளட்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1014ஆம் ஆண்டளவில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலைக்கு வரலாம், தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை நியமிக்க வேண்டும். இன்றைக்கு நாம் "கருணை அடிப்படையில் வேலை" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். சொந்த ஊரை விட்டு வேலைக்காகக் கூட்டி வரப்பட்ட நானூறு பெண்கள், வரிசையாக வீடுகள், கதவில் எண். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா?

கொடுமையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நெல் குத்துவதற்காகப் பெண்களையும் அவர்கள் சந்ததியையும் கோயிலுக்குக் கொடுத்த செய்தி திருவொற்றியூர்க் கல்வெட்டில் இருக்கிறது. திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பஞ்சத்தில் நெல் விலை ஏறி ஒரு காசுக்கு மூன்று நாழி என்றான போது, வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலில் விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. உயிர் பிழைக்க வேறு வழியில்லை. அந்த இரண்டு பெண்கள் கோயில் வாசலில் முதல் நாள் இரவு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட நூலில், இடைக்காலத் தமிழகக் கோயில் பெண்களைப் பற்றிய கல்வெட்டுகளைத் திரட்டி ஆராய்ந்தார். அவர்களில் பலர் ஆடல் மகளிராக அல்ல, சொந்தப் பணத்தில் தானம் கொடுத்தவர்களாகவே கல்லில் நிற்கிறார்கள் என்று காட்டினார். பாவப்பட்டவள், இல்லையென்றால் மயக்குகிறவள் என்ற நம் சினிமா அச்சு இரண்டும் உடைந்துபோகிறது.

எழுத வருகிறவர்களுக்கு

இந்தக் கூட்டத்தில் எழுதும் ஆசையுள்ள தம்பி தங்கைகள் இருப்பீர்கள். உங்களுக்குச் சில வார்த்தை.

முதலில், அடுக்களையைச் சரியாக எழுதுங்கள். பல்லவர் காலத்துப் பெண் மிளகாய் அரைக்கக் கூடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் ஐரோப்பியர் கப்பல் வந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவளுக்குக் காரம் என்றால் மிளகும் இஞ்சியும்தான். காலையில் காபி டீ கிடையாது. தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள், அவள் காதத்தில் நடக்கட்டும். அளவு உழக்கு, நாழி, கலம். பொன் கழஞ்சு. வாள் எவ்வளவு நீளம் என்பதைவிட, ஒரு நாழி அரிசியில் எத்தனை வயிறு நிறையும் என்பது தெரிந்தால் கதை நிற்கும்.

இரண்டாவது, அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். சங்கப் பாடல்களிலேயே ஆண் துணையில்லாத பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததற்குக் குறிப்பு உண்டு. புறநானூற்றில் பருத்தி வேலை செய்யும் பெண் ஒருத்தி இரவில் சிறு விளக்கொளியில் விழித்திருக்கிறாள். நைட் ஷிப்டின் வயது இரண்டாயிரம் ஆண்டு, ஐயா!

மூன்றாவது, நேரில் போய்ப் பாருங்கள். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் எந்த மக்களைப் பற்றி எழுதினாலும் அவர்களிடையே போய் இருந்து பார்த்துத்தான் எழுதுவார். 1979இல் வந்த கரிப்பு மணிகளில் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் கால் புண்ணைப் பார்க்கலாம். தஞ்சை உழவர் போராட்டத்தில் நின்ற மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை 1991இல் பாதையில் பதிந்த அடிகள் என்ற நாவலாக்கினார். அரண்மனை இல்லாமலே சரித்திர நாவல் எழுதலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

நாளைய கல்வெட்டு

கடைசியாக, நம் காலத்துக்கு வருகிறேன்.

திருவண்ணாமலை, விழுப்புரம், தஞ்சை, தென்மாவட்டங்கள், இப்போது வடமாநிலங்கள் வரை, எங்கெங்கிருந்தோ பதினெட்டு இருபது வயதுப் பெண்கள் இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைக்கு வருகிறார்கள். அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகளோடு ஒப்பிட்டேன் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவர்கள் அடிமைகள் அல்ல. சம்பளம் வாங்கித் தங்கையைப் படிக்கவைப்பவர்கள், அப்பாவின் கடனை அடைப்பவர்கள், சட்டப்படி உரிமை உள்ளவர்கள். அந்த வித்தியாசம் பெரியது, போராடிப் பெற்றது. ஆனால் ஊரைவிட்டு வந்த தனிமை ஒன்றுதான், துணைக்கு நிற்கும் தோழியும் ஒன்றுதான்.

இந்தச் சாலையில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய கதை எழுத்தில் இருக்கிறது? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு வந்து, பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. இவை எண்கள், இவை செய்தியில் இருக்கும். பீட் எழுதியது போல, கூரத்துச் செப்பேடு போல, நாளைக்குப் படிக்கிறவனுக்கு இந்த எண் கிடைக்கும். சாலையில் உட்கார்ந்த அந்த இரவில் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்துகொண்டது யார், அவள் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் என்ன பொய் சொன்னாள் என்பது கிடைக்காது. அது கதையில்தான் கிடைக்கும். அந்தக் கதையை எழுத இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

ஆகவே, படிக்கிற பிள்ளைகளிடம் இரண்டு வேலை கேட்கிறேன்.

ஒன்று, உங்கள் ஊர்ப் பழைய கோயிலில் எழுத்துள்ள கல் இருந்தால், திருப்பணி தொடங்கும் முன்பே போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். சுண்ணாம்புப் பூச்சிலும் மணல் வீச்சுச் சுத்தத்திலும் எத்தனையோ கல்வெட்டுகள் தேய்ந்து போயிருக்கின்றன. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதைக் காப்பாற்றுங்கள். மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் வாருங்கள். செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் செய்ததை நாம் கையில் போன் வைத்துக்கொண்டு செய்யாமலிருந்தால் அது நியாயமில்லை.

இரண்டு, நம் வட்டாரத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு பஸ், யார் தோழி, எதற்குப் பயந்தாள், எதற்குச் சிரித்தாள். அவள் சம்மதித்தால் மட்டும். பெயரைப் போடாதீர்கள், அது அவள் விருப்பம். தேதி போட்டு எழுதிக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கித் தரும்படி முதல்வர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அலமாரிச் செலவை எங்கள் வருடத்து மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். (கைதட்டல்) என் வகுப்புத் தோழர்கள் கைதட்டியதைச் செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது! (சிரிப்பு)

சாப்பாட்டு மணி வந்துவிட்டது.